கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு சீட்டு

“நாலு போல்ட்டை மாத்த ஒரு விமானத்தையே நிறுத்தணுமா? மூளைய வீட்ல வச்சிட்டு வந்தியாம்மா?” பராமரிப்பு மேனேஜரின் கத்தலில் விமானக் கொட்டகையே அதிர்ந்தது.

இன்ஜினியர் அசரவில்லை. “இறக்கையில இன்ஜினைத் தாங்குற போல்ட் சார். பழசுல விரிசல் விழுது, கட்டாயம் மாத்தணும்னு பாதுகாப்புத் துறை உத்தரவு. இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

“அவங்களுக்கு வேற பொழப்பில்ல! சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் எல்லாம் வித்தாச்சு. மாத்தியாச்சுன்னு நான் கையெழுத்துப் போடறேன், நாளைக்கு நிதானமா மாத்திக்கோ. பொறுப்பு என்னோடது!”

பொறுப்பு என்ற சொல்லுக்கு மட்டும் அவர் வாயில் பஞ்சமே கிடையாது. பேனாவைத் திறந்தார்.

“போடுங்க சார். உங்க சீட்டுக்கு இப்பவே சொல்லிடறேன்.”

“எனக்கெதுக்குச் சீட்டு?”

“கையெழுத்துப் போடுறவர் முதல் பயணத்துல கூடவே போகணுமே சார். புது விதி. இறக்கையை ஒட்டின ஜன்னல் சீட்டுதான் தருவாங்க.”

பேனா அந்தரத்தில் நின்றது. “எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா…” என்று முனகினார் மேனேஜர். மறு நொடியே மெக்கானிக் பக்கம் திரும்பிச் சீறினார். “என்னய்யா வேடிக்கை? பயணிங்க உயிர்னா விளையாட்டா? எல்லா போல்ட்டையும் கழட்டு!”

சீறியவர் அப்படியே வெளியே நழுவிவிட்டார்.

ஸ்பானரை எடுத்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அந்த விதி எப்ப மேடம் வந்துச்சு? எனக்குத் தெரியாதே!”

“இப்பதாண்ணே. அவர் பேனாவைத் திறந்தாரே, அப்ப.”