ஐம்பது செக்கன்

குருநகர் வலைக்கொட்டிலின் தகரக் கூரை ஓட்டைகளால் காலை வெயில் பொட்டுப் பொட்டாக நிலத்தில் விழுந்து கிடக்கிறது. பத்து மீற்றர் தள்ளி, மணல் நிரப்பிய மீன்பெட்டியில் இலக்குத் தாள். ஷெரோன் இரண்டு கைகளிலும் கடல்தண்ணீர்க் கான்களோடு இறங்குதுறையிலிருந்து ஓடி வந்து, அவற்றை வைத்ததும் எயார் றைபிளைத் தோளில் பொருத்துகிறாள். கழுத்து நரம்பு துடிக்கிறது. குழலின் முனையும் அதே துடிப்பில் ஆடுகிறது. போன மாதம் கொழும்பில், கடைசிச் சுற்றில், நெஞ்சு இப்படிப் படபடத்துத்தான் தோற்றாள். சனிக்கிழமை மறுபடியும் தெரிவுப் போட்டி. அந்தப் படபடப்போடு சுடப் பழகத்தான், இப்போது அவளே ஓடி அதை வரவழைக்கிறாள். போட்டி விதிப்படி ஒவ்வொரு குண்டையும் ஐம்பது செக்கனுக்குள் சுட வேண்டும். கைபேசியைப் பார்த்துக் கடைசிப் பத்தை எண்ணுவது தாய் யோசப்பினின் வேலை. “பத்து, ஒன்பது...” எண்ணிக்கை நின்றுபோகிறது. ‘டப்’. குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே, வெள்ளையில் பட்டிருக்கிறது.

“அம்மா, கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறியள். பிறகு ஆர் எண்ணுறது?”

“சண்டைக் காலத்திலை இருந்தே துவக்குச் சத்தம் எனக்கு ஒத்துவராது, பிள்ளை. உனக்குத் தெரியும்தானே.”

“எனக்கும் நெஞ்சு அடிக்கிறது ஒத்துவராது. இன்னொருக்கால் ஓடிட்டு வாறன்.”

வரும்போது அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. துவக்கு உயர்கிறது. யோசப்பின் சுவரோரக் கப்பு மரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். “பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு...” குரல் நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. ‘டப்’. யோசப்பினின் கண்ணோரம் நீர் கோத்திருக்கிறது, ஆனால் இந்த முறை கண்ணை மூடவில்லை.

“கறுப்புக்குள்ளைதான் பட்டது. நான் கண்டனான்,” என்கிறாள். “கானைத் தூக்கு.”