சுட்ட சிப்பிக்கு எந்த ஒயின்?

ஒயின்காரர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். கண்களை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு ஏதோ புரிந்ததுபோல மெல்லத் தலையாட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்த புது முதலாளி அசந்துபோய்ப் பார்த்தார். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த மூக்குக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. "இனிமே திரும்பாது, பழகிக்கங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பாடகருக்குத் தொண்டை போனால் ஊரே உச்சுக்கொட்டும். ஒயின் பரிமாறுகிறவருக்கு மூக்கு போனால் வெளியே மூச்சு விடக்கூடாது, தெரிந்த அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். இந்த வயதில் வேறு எந்த உணவகம் அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

ஆகவே அவர் மனைவியின் மூக்கை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவள் அதே உணவகத்தில் கரியடுப்பில் இறாலும் சிப்பியும் சுடுகிறவள். திறந்த பாட்டில் எதுவானாலும் அடுப்படி வழியாகத்தான் மேஜைக்குப் போகும்.

ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "நல்லாயிருக்கு, கொண்டு போங்க" என்பாள். இல்லையென்றால், "அய்ய, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை" என்று முகத்தைச் சுளிப்பாள். கார்க் கெட்டுப்போன ஒயினில் அந்த வாடைதான் வரும். வெறும் நாக்குக்கு அது பிடிபடாது.

இன்று அந்த வழியும் அடைபட்டுவிட்டது. உணவகத்தைப் புதிதாக வாங்கியவர், கடை திறக்கும் முன்பே வந்து, தாள் சுற்றிய மூன்று பாட்டில்களிலிருந்து தன் கையாலேயே ஊற்றி வரிசையாக வைத்துவிட்டார்.

"மூணுமே வெள்ளை ஒயின். சுட்ட சிப்பிக்கு எது பொருந்தும்னு சொல்லுங்க. இதுல ஒண்ணு கார்க் கெட்டது, வேணும்னேதான் வெச்சிருக்கேன். சரியாச் சொன்னா வேலையில இருங்க. இல்லேன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

ஒயின்காரர் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தார். முதல் கோப்பை சுள்ளென்று புளித்தது. மற்ற இரண்டும் புளிப்பு அடங்கி, ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. இதில் கெட்டது எது?

முதலாளியோடு வந்த ஆள், சமையலறைக்குள் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். சற்று முன்பு மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து, "பெரிய அடுப்பு வரும்போல இருக்குங்க" என்று கணவர் காதில் ஓதியிருந்தாள். அதற்குச் சந்தோஷப்படும் நிலைமையில் அவர் இல்லை. இருவரும் கணவன் மனைவி என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சொன்னால் எங்கே குட்டு உடைந்துவிடுமோ என்ற பயம்.

பரிமாறுகிறவர்கள் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் கதவைத் தள்ளிக்கொண்டு அவளே தட்டோடு வந்தாள். வாய் பிளந்த சிப்பிகளில் வெண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. புகை அவர் முகத்தில் வந்து மோதியது. அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் இடம் விடுங்க. தட்டு சுடுது."

குனிந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தினாள். கடைசிக் கோப்பையை மட்டும் மேஜையின் ஓரத்துக்கே தள்ளி வைத்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது போதாதா?

அவர் ஒரு சிப்பியை எடுத்துத் தின்றுவிட்டு, நடுக் கோப்பையைத் தொட்டார்.

"பச்சைச் சிப்பின்னா முதல் கோப்பையைச் சொல்லியிருப்பேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இருந்திருக்கும். நெருப்புல சுட்டு வெண்ணெய் ஊத்திட்டா கதையே வேற. கரிக்கும் வெண்ணெய்க்கும் ஈடு குடுக்கக் கொஞ்சம் கனம் வேணும். இது மரப்பீப்பாய்ல இருந்தது. இதான் சரி."

"அந்த ஓரத்துல இருக்கறது?"

"நனைஞ்ச அட்டைப்பெட்டி. எடுத்துக் கொட்டிடுங்க."

முதலாளி தாள்களைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து ஒயின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இருங்க. இந்த மூக்கை நான் விடறதா இல்லை."

ஒயின்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமையலறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தார். அவள் இடுக்கியைத் தூக்கி ஆட்டினாள். இன்னும் எத்தனை காலத்துக்கு இந்த நாடகம் என்று மனம் கசந்தது. அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான், என்ன செய்வது?

"ஒரே ஒரு ஆளைத்தான் வெச்சுக்கறதா இருந்தேன்" என்றார் முதலாளி, ஒரு சிப்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே. "ஒயினுக்குத்தான் ஆள் வேணும். சாப்பாடு எங்க பெரிய சமையல்கூடத்துலேர்ந்து சுட்டே வந்துடும், அடுப்பிருக்கிற இடத்துல ஃப்ரீசர் போடறோம்."

ஒயின்காரர் மறுபடியும் கதவின் கண்ணாடியைப் பார்த்தார்.

"அந்த அம்மாகிட்ட, நாளைலேர்ந்து வர வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."