மூன்று முத்திரைகள்

ஒலாரு அம்மாள் கொடுத்த செர்ரி ஜாமை ஒரு கரண்டி சாப்பிட்டு, மேலே தண்ணீரும் குடித்துவிட்டு, திராயான் தொண்டையைச் செருமினார். புக்கரெஸ்ட் நகராட்சியில் அவருக்கு வேலை, வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கொடுப்பது. கூடவே ஒரு சொற்பொழிவும் ஆற்றினால்தான் அவருக்கு வேலை பார்த்த திருப்தி.

"கம்யூனிஸ்டுங்க பிடுங்கின வீட்டையெல்லாம் உரியவங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கறோம்மா. இனிமே சொத்துரிமைதான் புனிதம்! வாடகைக்கு இருக்கற நீங்க முப்பது நாள்ல காலி பண்ணிடணும்."

"யாருக்குக் கொடுக்கறீங்க?"

"வீட்டைக் கட்டின லாம்ப்ரினோவோட தம்பி பேரனுக்கு."

"லாம்ப்ரினோவுக்கு ஒரு பொண்ணு உண்டே?"

"ஸ்மரண்டாதானே? பதினாலு வயசுலயே காய்ச்சல்ல போயிடுச்சு. சான்றிதழ் இருக்கு, மூணு முத்திரையோட!"

"ஐயோ பாவம்" என்றாள் ஒலாரு அம்மாள்.

"சரி, நோட்டீஸ் வாங்கினதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவள் நிதானமாகப் போட்டாள். 'ஸ்மரண்டா ஒலாரு, தகப்பனார் பெயர் லாம்ப்ரினோ.'

திராயான் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி இரண்டு முறை படித்தார்.

"ஒலாரு என் புருஷன் பேரு. பிடுங்கினவங்க இந்த ஒரு அறையை மட்டும் எங்களுக்கே வாடகைக்கு விட்டாங்க, தம்பி. அன்னிக்கு வீடு ஜனங்களோடதுன்னாங்க, நாங்க முதலாளிங்க. இன்னிக்கு முதலாளியோடதுங்கறீங்க, நான் ஜனம்."

திராயான் ஜாம் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"செத்தவங்க கையெழுத்து செல்லாதும்மா. வெறும் ஒலாருன்னு போடுங்க."