கையுறைக்காரன் பிடிபட்ட அத்தியாயம்

நான்கு தாள்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தான் சோடாபுட்டி.

ஆறாம் வகுப்பில் நான் வைத்த பெயர். இப்போது லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான். கண்ணாடி மட்டும் அன்றைக்கு இருந்த அதே கனம்.

எங்கள் எண்ணைக் கூப்பிட இன்னும் ஆறு பேர் பாக்கி. துணைக்கு வந்த என் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தான்.

கடைசித் தாளைத்தான் முதலில் புரட்டினேன். அடியில் கொட்டை எழுத்தில் 'முற்றும்' என்று இருந்தது.

என்ன இது என்று கேட்டேன்.

"இனிமே இது சரிப்பட்டு வராது. நல்லபடியா முடிச்சுக்கலாம்," என்றான், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

விஷயம் இதுதான். சின்ன வயதில் நாங்கள் ஒரு துப்பறியும் வரிசையைப் படித்தோம். மூன்று பிள்ளைகள், ஒரு ஓட்டை சைக்கிள், ஊரையே ஏய்க்கும் கையுறைக்காரன் என்ற திருடன். ஒன்பதாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் ஓடும் ரயிலிலிருந்து குதித்துக் கம்பி நீட்டினான். பத்தாவது புத்தகம் வரவே இல்லை. நாங்கள் கேட்ட கேள்வியில், எங்களைத் தூரத்தில் கண்டாலே புத்தகக் கடைக்காரர் உள்ளே போய்விடுவார்.

பொறுத்தது போதும் என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாங்களே எழுத ஆரம்பித்தோம். மாறி மாறி ஆளுக்கு ஒரு அத்தியாயம். நோட்டுகள் தீர்ந்தன, வேலைக்குப் போனோம், பிறகு இணையத்தில் போட்டோம். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அறுபது எழுபது பேர் விடாமல் படிக்கிறார்கள். கையுறைக்காரன் இன்னும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

சட்டம் இரண்டே இரண்டு. ஒருவர் கையால் எழுதியதை மற்றவர்தான் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்களிலும் தாள்கள் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

ஆக, இந்த நானூற்றுப் பதினோராம் அத்தியாயத்தை நான் ஏற்றினால் கதை முடிந்தது. அதையும் என் கையாலேயே செய்ய வேண்டும்.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கேட்காமல் கொள்ளாமல் முடிப்பதற்கு இவன் யார்? அந்த மூன்று பிள்ளைகளையும் பாதி வளர்த்தது நான்.

ஏதாவது ஓட்டை அகப்படாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். பாவி, நன்றாக எழுதியிருந்தான். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் கையுறைக்காரன் மாட்டிக்கொள்கிறான். லிஃப்ட் என்று வந்துவிட்டால் இவனை அசைக்க முடியாது. கதவைத் திறக்கிறார்கள், விலங்கு போடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் கையுறையைக் கழற்றி, இடது கட்டைவிரலில் மை தடவி ரேகை எடுக்கிறார்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

எக்ஸ்ரே எடுப்பது என் பிழைப்பு. நாள் முழுக்கக் கையும் காலும்தான் பார்க்கிறேன். எண்பத்தெட்டாம் அத்தியாயத்தில் கையுறைக்காரனின் இடது கட்டைவிரலை அச்சு இயந்திரத்துக்குக் கொடுத்து, அடியோடு எடுத்தவள் நானேதான். அன்றிலிருந்து அவன் கையுறையில் அந்த விரலுக்குள் இருப்பது வெறும் பஞ்சு.

தாளை அவன் பக்கம் நீட்டினேன். "இல்லாத விரல்ல எப்படிடா ரேகை எடுத்தாங்க? நீ பிடிச்சது வேற யாரையோ."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறந்துபோய்விட்டதாம். வேலைப்பளுவாம்.

நாலாவது புத்தகத்தில் சைக்கிள் மணி என்ன நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவன். அந்தப் பஞ்சு மழையில் ஊறிப்போய்க் கையுறைக்காரன் மாட்ட இருந்ததை, முன்னூற்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியதே இவன்தான்.

முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினான். சட்டம் சட்டம்தான் என்று தாள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். 'முற்றும்' உட்பட அப்படியே ஏற்றப்போகிறேன், நிரபராதி ஒருவனை உள்ளே தள்ளிய இன்ஸ்பெக்டர் கை பிசைந்துகொண்டு நிற்கிற இடத்தில் என் அத்தியாயம் தொடங்கும், வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்றேன். அவன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். எனக்கும் மூச்சு சீராக வந்தது.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

நீதிபதி அம்மா கோப்பைப் புரட்டினார். பதினோரு வருஷக் கல்யாணம், இரண்டு வருஷமாகத் தனித்தனி வீடு, குழந்தை இல்லை. திரும்பச் சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அது உண்மைதான். ஒரே வீட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட எங்களால் உருப்படியாகக் கழிக்க முடிந்ததில்லை.

"ரெண்டு பேருக்கும் பொதுவா, பிரிச்சுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா?"

அவன் என் பையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

எதுவும் இல்லை என்றோம். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அவனுக்கு, இரட்டைப்படை எனக்கு. அதை ஆறாம் வகுப்பிலேயே பிரித்துக்கொண்டாயிற்று.