முதல் தர வீடு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு, வீட்டின் அமைதியை அளந்துதான் சம்பளம். கோகிலவாணியின் சிங்காநல்லூர் வீட்டில், அவள் சேரப்போகும் கம்பெனியின் சத்தமானி மூன்று நாட்களாக உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் சம்பளம் பேச, மனிதவள அதிகாரி நிர்மல் திரையில் வந்தார்.

"முதல் தர வீடு மேடம். மாசம் தொண்ணூறாயிரம். ஒரு இருமல்கூடப் பதிவாகலை."

கோகிலா சட்டென்று திரும்பினாள். முப்பது வருடம் பஞ்சு மில்லில் உழைத்த அப்பா, சமையலறை வாசலில் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு நின்றார். கண்களில் நீர் வழிந்தது. புது மருந்து கேட்கிறது என்றுதான் அவள் மூன்று நாளும் நினைத்திருந்தாள்.

எழுந்து போய்த் துண்டை உருவினாள்.

"உன்ற வேலை கெட்டுப்போயிருமே கண்ணு..." என்றவரைப் பேசவிடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. திரையில் தெரிந்த சம்பளம் தொண்ணூறிலிருந்து எண்பத்தைந்தானது, எண்பதானது.

"அவரை மாடிக்கு அனுப்பிடுங்க மேடம். அதே தொண்ணூறாயிரம் போட்டுடலாம்" என்றார் நிர்மல்.

"அவரு எங்கயும் போகமாட்டாருங்க. என்ற வேலைக்குத்தானுங்க சம்பளம், எங்கப்பா நெஞ்சுக்கு இல்லீங்க. தொண்ணூறுல ஒத்த ரூவா குறைஞ்சாலும் நான் வரலீங்க."

"சிஸ்டம் அப்படி ஒத்துக்காதுங்க மேடம்."

கோகிலா நாற்காலியை இழுத்துச் சத்தமானிக்குப் பக்கத்தில் போட்டு, அப்பாவை அதில் உட்காரவைத்தாள்.

"நல்லா இருமுங்கப்பா."