தொப்பிக்குள் சம்பந்தம்

மகனுக்குப் பெண் கேட்டு வந்த லூலாஷ், பாஷ்க் வீட்டுக் கணப்பருகே சம்மணமிட்டுத் தன் முன்னோர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். அல்பேனிய மலைக்குடிகளில் ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. பதினான்கு பாட்டன்மார் ஆயிற்று. ஒருவர்கூட பாஷ்க்கின் வம்சத்தில் இடிக்கவில்லை. பெண் கொடுக்க மனமில்லாத பாஷ்க், "இன்னும் ஒரு தலைமுறை சொல்லுய்யா" என்று இழுக்கிறான். அந்நேரம் பார்த்துச் சுவர்ப் பொந்திலிருந்து வீட்டுப் பாம்பு இறங்குகிறது. வீட்டின் அதிர்ஷ்டமே அதுதான். விரட்டினால் குடி கெட்டுவிடும். சன்னல் வெயிலில் பளபளத்தபடி சாவகாசமாக ஊர்ந்து, லூலாஷ் கழற்றி வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பிக்குள் சுருண்டுகொள்கிறது. பாஷ்க்கின் சாராயக் கிண்ணம் உதட்டருகே அப்படியே நிற்கிறது. "சும்மா... கதகதப்புக்குப் படுத்திருக்கு," என்கிறான், வேர்த்துக்கொண்டே. "படுக்கட்டும் சம்பந்தி. நான் தொப்பியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பவா, இல்ல கல்யாணத் தேதி சொல்றியா?"