ஒன்றரை விரல்

"ஏமாத்துக்காரன்! என் கண்ணு முன்னாடியே எனக்குக் காது குத்துறான்!"

தையல்காரர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். சுவரடியில், கொத்துவதற்கு முன் தரை இருந்த கோடு தெரிந்தது. அங்கிருந்து டேப்பை இறக்கி அளந்தார்.

"மூணு விரல் கொத்தச் சொன்னேன். ஒன்றரைதான் கொத்தியிருக்கே!"

கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஜாக்கெட் அளக்கிற டேப்பால தரையை அளந்தா அப்படித்தாண்ணே காட்டும்."

சங்கதி இதுதான். தையல்காரருக்கும் அவர் தம்பிக்கும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு. நடுவில் ஒரே சுவர். தம்பி மனைவிக்கு இரட்டைப் பிள்ளை, கை பத்தவில்லை. சுவரில் ஒரு வாசல் வைத்தால் அண்ணன் மனைவி ஓடிப்போய் ஒன்றைத் தூக்கிக்கொள்வாள்.

வைத்தார்கள். வைத்த பிறகுதான் தெரிந்தது, அண்ணன் வீட்டுத் தரை மூன்று விரல் உயரம். பழைய தரைமேலேயே புதுத் தரை போட்ட கோளாறு.

தவழ்கிற பிள்ளைகள் உருண்டு விழும். அது ஒன்று.

இன்னொன்று, அந்தத் தரையே ஒரு பழைய வம்பு. அதைப் போட்ட அன்று தையல்காரர் மனைவி, தரை சமமா என்று காட்டும் ரசமட்டத்தை எடுத்துப்போய், ஓரகத்தி வீட்டிலும் ஆசையாய் வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

"அட, உங்க வீடு ரொம்ப மட்டம்!" என்று கூவிவிட்டாள்.

பாராட்டுதான். கேட்டவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. மூன்று வருஷம் அவள் கால் இந்தப் பக்கம் படவில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகுதான் 'அக்கா' என்ற வார்த்தையே திரும்பி வந்தது.

"அவ படியேறி இங்க வரணுமா? மறுபடியும் மட்டம், உசத்தின்னு ஆயிடும். நம்ம தரையைக் கொத்திடுங்க" என்றாள் தையல்காரர் மனைவி. "ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது. சங்கடப்படுவா."

தரைக்குப் புதுக் கல் வாங்கக் கையில் வசதியில்லை. இருக்கிற தரையைக் கொத்தி, சிமென்ட் பூசித் தேய்ப்பது என்று முடிவானது. வாசலைப் பலகை அடித்து மூடினார்கள்.

வேலை முடிந்து, தரையும் காய்ந்தது. இப்போது இந்தக் கூத்து.

"மதியத்துக்கு மேல ஒரு நாளாவது வேலை செஞ்சியா? கொத்தின காரையைக்கூடக் கூடை கூடையாப் பின்பக்கமாக் கடத்திட்டே!"

"குப்பையை அள்ளினா திருட்டாண்ணே?"

"பாதி வேலைக்கு முழுக் கூலியா?"

"பாதியே குடுங்க."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலியைக் குறைத்துக் கேட்கிற கொத்தனாரா! இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அரைப் படியும் படிதானே? அவ பார்ப்பா. பழையபடி முகத்தைத் திருப்பிக்குவா."

"அழாதே. யோவ், பலகையை எடுய்யா! உன் லட்சணத்தைப் பார்ப்போம்."

கொத்தனார் ஆணிகளை நெம்பினார். பலகை விலகியது.

அந்தப் பக்கமிருந்து இரண்டு வாண்டுகளும் தவழ்ந்து வந்தன. தையல்காரர் பதறிக் கையை நீட்டினார்.

எதற்கு? படியையே காணோம். அங்கிருந்து இங்கே வரை, தேங்கின தண்ணீர் மாதிரி ஒரே சீராய்க் கிடந்தது தரை. வாண்டுகள் வாசலில் நிற்கக்கூட இல்லை. நேராக வந்து ஆளுக்கொரு முனையாக டேப்பை வாயில் வைத்துக்கொண்டன.

"எப்படிய்யா?" என்றார் தையல்காரர்.

கொத்தனார் பல்லைக் காட்டினார். பதில் சொல்வதற்குள், தம்பி மனைவி கையில் பால்புட்டியோடு உள்ளிருந்து பாய்ந்து வந்தாள். தரையைப் பார்க்கவில்லை. மற்றவர்களையும் பார்க்கவில்லை. கொத்தனாரைத்தான் பார்த்தாள்.

"யோவ் கொத்தனாரே! அக்காவுக்குத் தெரியாம என் தரையை மூணு விரல் ஏத்துன்னு சொன்னா, ஒன்றரை விரலை ஏத்திட்டு என்னையே ஏமாத்தப் பார்க்கிறியா?"